மாமனார் வலையில் விழுந்த நாள்

சிரிப்பை எப்படி நிறுத்துவது என்று நம் தொழிலில் யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. பெல்ட் மாட்டுவது, சாரம் கட்டுவது, ஏணியை எந்தச் சாய்வில் வைப்பது எல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பயந்துபோனவரைக் கையாளவும், கோபத்தில் கத்துகிறவரைக் கையாளவும் நீங்களே பழகிக்கொள்வீர்கள். ஆனால் ஒரு சைட் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது, அதில் நீங்களும் சேர்ந்து சிரிக்கிறீர்கள் என்றால் என்ன செய்வீர்கள்? பாதுகாப்பு அதிகாரியாக நான் பார்த்த நாட்களிலேயே ரொம்ப ஆபத்தான நாள் அப்படி ஒரு நாள்தான். ரொம்ப சந்தோஷமான நாளும் அதுதான். இன்றைக்கு நினைத்தாலும் உள்ளங்கால் கூசுகிறது, கூடவே சிரிப்பும் வருகிறது.

என் வேலைக்காலம் பெரும்பாலும் பெங்களூரில்தான் போனது. எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்துப் போய், ராத்திரி அதே ரயிலில் திரும்புகிற பிழைப்பு. எங்களுடையது தங்கச் சுரங்க ஊர், அப்பா தலைமுறை முழுக்க கேஜ் என்கிற கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கியவர்கள். நான் கட்டிடங்களின் மேல் ஏறினேன். உங்கப்பா நந்திதுர்க் சுரங்கத்துல கீழ கீழ போனாரு, கோதமி இன்னா மேல மேல போய்கினே கீது என்று ரயிலில் கூட வருகிறவர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக ஒரு வேலை சொந்த ஊரிலேயே வாய்த்தது. கோரமண்டல் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். முதல் வாரம் எனக்கு அதை நம்பவே முடியவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடச்சுட சோறு சாப்பிட்டுவிட்டு, ஏதோ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளை மாதிரி திருதிருவென்று முழித்துக்கொண்டு திரும்பிப் போவேன்.

மண்டபம் பெரியது. நடுவில் தூணே கிடையாது. சுற்றிலும் தூண்கள், அவற்றின்மேல் மூன்று மாடி உயரத்தில் ட்ரஸ் என்கிற இரும்புச் சட்டங்கள், அதற்கும் மேல் ஷீட் கூரை. அந்த ஷீட் போடுகிற குழுவுக்குத் தலைவர் ஏழுமலை. எங்கள் ஊரிலேயே பாலகாட் பகுதிக்காரர். ஐம்பதைத் தொட்ட மனிதர். இரும்புச் சட்டத்தின்மேல் அவர் நடப்பதைப் பார்த்தால், வீட்டுக்குள் கொடியில் துண்டு எடுக்கப் போகிறவர் மாதிரி இருக்கும். வாய் ஓயாது. மேலே இருந்து அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டேதான் கீழே கொத்தனார்கள் வேலை செய்வார்கள். அவருடைய மனைவியின் தம்பி தேவராஜ் அதே குழுவில் இருந்தார். மச்சானை வம்புக்கு இழுப்பதுதான் தேவராஜுக்கு முக்கியமான வேலை, ஷீட் போடுவதெல்லாம் அப்புறம்.

இந்தக் கதையில் அவசரம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். கடைக்கால் பூஜை நாளில் மண்டபக்காரர் சந்தோஷம் தாங்காமல், இந்த மண்டபத்தில் முதல் கல்யாணம் ஏழுமலை பெண்ணுடையதுதான், வாடகை வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஏழுமலை அன்றைக்கே போய் நாள் குறித்துவிட்டார். கூரை வருவதற்கு முன்னால் பத்திரிகை வந்துவிட்டது. ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்தைப் பார்க்க வந்தார்கள். உள்ளே போய் எல்லாரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே நீல வானம், அதில் ஒரு பருந்து. நல்ல காத்தோட்டம் என்று மாப்பிள்ளையின் அப்பா பெருந்தன்மையாகச் சொன்னார். அன்றிலிருந்து ஏழுமலை பேச்சைக் குறைக்காமலே வேகத்தைக் கூட்டினார்.

நான் வலை கட்ட வேண்டும் என்று சொன்னது இந்த அவசரத்தின் நடுவில்தான். சைட் என்ஜினியர் பிரவீன் பெங்களூர்ப் பையன், நல்ல மாதிரி. பெல்ட் இருக்கிறது, ஆளுக்கு இரண்டு கொக்கி இருக்கிறது, வலை கட்டவே சில நாள் போய்விடுமே மேடம் என்று தயங்கினார். கொக்கி மாட்டுவது மனிதன் கை, அதுவும் கல்யாண வேலை தலையில் இருக்கிற மனிதன் கை, அதனால் வலை இல்லாமல் ஒரு ஷீட்கூட மேலே போகாது என்று நான் சொன்னேன். பிரவீன் அரை மனசோடு ஒத்துக்கொண்டார். மண்டபத்தை இரண்டாகப் பிரித்து, மேடைப் பக்கத்துக்கு ஒரு வலை, வாசல் பக்கத்துக்கு ஒரு வலை கட்டினோம். ஏழுமலை அதைக் கொசுவலை என்றார். இவ்ளோ உயரத்துக்குக் கொசுவே வராதே மேடம் என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

வலை தாங்குகிறதா என்று பார்க்க மணல் மூட்டையை மேலிருந்து தள்ளிவிடுவோம் இல்லையா, அதற்கு மூட்டையை மேலே இழுத்தபோது தேவராஜ் அதற்கு ஒரு தலைப்பாகை கட்டிவிட்டார். யாரோ துண்டை மாலையாகப் போட்டார்கள். மாப்பிள்ளை வர்றாரு, வழி விடுங்க என்று சத்தம். மாப்பிள்ளை விழுந்தார், வலை தாங்கியது, எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான். சைட்டில் சிரிப்பு இருப்பது நல்லது என்று நினைக்கிறவள் நான். சிரிக்கிற சைட்டில்தான் ஆட்கள் அதிகாரியிடம் வந்து உண்மையைச் சொல்வார்கள்.

சம்பவம் நடந்தது ஒரு மத்தியானம். சாப்பாடு முடிந்து ஆட்கள் மேலே ஏறிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. எங்கள் ஊர்க் காற்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். சுரங்கக் கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டுப் பக்கமிருந்து மாவு மாதிரிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வரும். மேலே ஏழுமலை ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு மாறிக்கொண்டிருந்தார். ஒரு கொக்கியை மாட்டிய பிறகுதான் மற்றதைக் கழற்ற வேண்டும். அப்படித்தான் எப்போதும் செய்வார். அந்த நேரம் பார்த்து, இன்னும் முடுக்காமல் வைத்திருந்த ஷீட் ஒன்றைக் காற்று தூக்கிவிட்டது. அது பறந்தால் கீழே நிற்கிறவர்கள் கதி என்ன என்று அவர் உடம்பு நினைத்துவிட்டது. எட்டிப் பிடிக்க வசதியாக இரண்டு கொக்கியையும் விட்டுவிட்டு ஷீட்டின்மேல் பாய்ந்தார். பிடித்தும்விட்டார். தேவராஜும் இன்னொருவரும் ஓடி வந்து அதை அமுக்கினார்கள். ஏழுமலை நிம்மதியாக ஒரு அடி பின்னால் வைத்தார். அங்கே ஒன்றும் இல்லை.

நான் மேடைக்கு எதிரே தரையில் நின்றிருந்தேன். அவர் வருவதை முழுதாகப் பார்த்தேன். சத்தமே போடவில்லை. கையில் இல்லாத குடையைப் பிடித்துக்கொண்டு யாரோ மாடிப்படி இறங்குகிற மாதிரி நிமிர்ந்தபடியே வந்தார். பிறகு முதுகு சாய்ந்தது. வலை அவரை வாங்கிக்கொண்டு ஆழமாகக் கீழே வந்தது, மறுபடி மேலே தூக்கியது, மறுபடி வாங்கியது. ஒரு ஷூ மட்டும் தனியாகப் பறந்து போய் வலையின் ஓரத்தில் உட்கார்ந்தது.

 மேலே தேவராஜ் ஷீட்டின்மேல் குப்புறப் படுத்தபடி எட்டிப் பார்த்தார். வலைக்குள் ஏழுமலை கண்ணைத் திறந்தார். ஒவ்வொரு கையாக அசைத்துப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைத் தேடிக் கண்டுபிடித்து, சாவகாசமாகக் கேட்டார்.

“இன்னாக்கா, டீ வந்துச்சா?”

அதோடு போயிற்று. முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. கொத்தனார் ஒருவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தார். மேலே ஐந்து பேர், கீழே பத்துப் பதினைந்து பேர், எல்லாரும் சிரித்தோம். நான் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது. அவர் விழுந்தது நேராக மேடைக்கு முன்னால், மணவறை வரப்போகிற இடத்துக்குப் பக்கத்தில். தேவராஜ் மேலிருந்து, பொண்ணு மாப்பிள்ளைக்கு முன்னாடி மாமனாரு மேடைக்கு வந்துட்டாரு என்றார். அதற்கு இன்னொரு சுற்றுச் சிரிப்பு. ஏழுமலையே ஊஞ்சலில் படுத்தவர் மாதிரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆள் தூக்கும் லிஃப்ட் வண்டியை ஓட்டுகிற நாகராஜ் பங்காருபேட்டைக் கன்னடக்காரர். தமிழ் ஜோக் அவருக்குப் பாதிதான் புரியும். அவரும் லிஃப்ட் கூடையின் கம்பியில் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த முனையைப் பார்த்தேன்.

மேடையின் இடது பக்கத் தூணில் வலையின் மூலைக் கயிற்றை ஒரு கிளாம்பில் பிடித்திருந்தோம். அவர் விழுந்த வேகத்தில் அந்தக் கிளாம்பு தளர்ந்திருந்தது. கயிறு இன்னும் கழலவில்லை. ஆனால் ஏழுமலை சிரிக்கும்போது வலை குலுங்கியது, வலை குலுங்கும்போது கயிறு விரல் அகலம் நழுவியது. யாராவது ஜோக் சொன்னார்கள், அவர் சிரித்தார், கயிறு இறங்கியது. அந்த மூலைக்கு நேர் கீழே மேடையில் தரைக்குப் போட வைத்திருந்த கிரானைட் பலகைகள் செங்குத்தாக அடுக்கியிருந்தன.

மேலே நிலைமை அதைவிட மோசம். தேவராஜ் எழுந்து ஓரத்துக்கு வந்துவிட்டார். ஒரு கையில் போன். மச்சான் தள்ளிப் படு, நானும் வர்றேன் என்கிறார். பக்கத்தில் இருந்தவர் வீடியோ எடுக்கத் தயாராகிறார். தேவராஜின் கை இடுப்புக் கொக்கியில் இருந்தது. விளையாட்டுக்கா நிஜமாகவா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. சாவு ஒரு ஆளைத் தொட்டுப் பார்த்து விட்டுவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்த நிமிஷத்தில் உயரம் என்பதே பொய்யாகிவிடும். எது நடந்தாலும் ஒன்றும் ஆகாது என்று உடம்பு முழுக்க ஒரு லேசு. அந்த லேசு எனக்கும் இருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். என் கழுத்தில் விசில் இருந்தது. ஊதினால் ஓரத்தில் நிற்கிறவர் திடுக்கிட்டுத் திரும்புவார். வலை கழலுது என்று கத்தினால் படுத்திருக்கிறவர் பதறி எழுந்திருப்பார், அவர் எழுந்தால் கயிறு போய்விடும். கோபமாகத் திட்டினால் அதையும் சேர்த்துத்தான் சிரிப்பார்கள். ஒரு பக்கம் சிரிப்பை நிறுத்த வேண்டும், இன்னொரு பக்கம் யாரும் பயப்படக் கூடாது. எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வழிதான். சிரிப்போடே போய் அதைக் கையைப் பிடித்து உட்கார வைப்பது.

எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் போனை உயர்த்தினேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

“கல்யாண போட்டோ எடுக்கப் போறேன். அந்தக் காலத்துக் கல்யாண போட்டோ. யாரும் சிரிக்கக் கூடாது, யாரும் அசையக் கூடாது. மேல இருக்கிறவங்க கொக்கி மாட்டிகினு வரிசையா உக்காருங்க. கொக்கி தெரியலன்னா அவங்கள கட் பண்ணிடுவேன்.”

எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு போட்டோ உண்டு. கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏதோ குற்றம் செய்துவிட்டுப் பிடிபட்டவர்கள் மாதிரி விறைத்து நிற்பார்கள். அதனால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தேவராஜுக்கு இது குதிப்பதைவிட நல்ல விளையாட்டாகத் தோன்றியது போல. முதல் ஆளாகக் கொக்கியை மாட்டி, இரும்புச் சட்டத்தின்மேல் உட்கார்ந்து, கையை முட்டிமேல் வைத்து, கண்ணை உருட்டிக்கொண்டு எங்கேயோ பார்த்தார். மற்ற நாலு பேரும் அவரைப் பார்த்து அதே மாதிரி உட்கார்ந்தார்கள். ஐந்து கொக்கியையும் கண்ணால் சரிபார்த்தேன். கீழே இருந்த கொத்தனார்களைக் குரூப் போட்டோவுக்குப் பின்வரிசை என்று சொல்லி வலைக்கு அடியில் யாரும் இல்லாதபடி வாசல் பக்கம் நகர்த்தினேன். கடைசியாக ஏழுமலை. மாமனார்தான் நடுவுல, மாமனார் சிரிச்சா போட்டோ கெட்டுடும் என்றேன். அவர் உதட்டை உள்ளே மடக்கிக் கையை மார்பில் கட்டிக்கொண்டார். வலை நின்றது. கயிறும் நின்றது.

பிரவீன் என் பக்கத்தில் நின்றிருந்தார். என் போனைப் பார்த்தார். திரை இருட்டாகவே இருந்தது, நான் கேமராவைத் திறக்கவே இல்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் பார்வை போன திசையில் திரும்பி அந்த மூலையைப் பார்த்தார்.  ஓடாமல், கையை வீசிக்கொண்டு மெதுவாக நாகராஜிடம் நடந்து போனார். அந்தப் பையனுக்கு அன்றைக்கு நான் மனசுக்குள் ஒரு மாலை போட்டேன். வந்துட்டேன் என்பதைப் பந்தே, பந்தே என்று கன்னடத்தில் முணுமுணுத்தபடி நாகராஜ் லிஃப்ட் வண்டியை வலையின் வலது பக்கத்துக்கு, கயிறுகள் உறுதியாக இருந்த பக்கத்துக்குக் கொண்டுவந்தார். பிரவீன் ஒரு நீளக் கயிற்றின் ஒரு நுனியை வலது பக்கத் தூணில் சுற்றிக் கட்டி, மறு நுனியோடு லிஃப்ட் கூடையில் நாகராஜ் பக்கத்தில் ஏறினார்.

நான் போனை இறக்காமலே பேசிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒண்ணு, வெளிச்சம் சரியில்ல, தேவராஜ் தலை கோணலா இருக்கு. என் தோள் கடுக்கிறது. மேலே ஐந்து பேரும் சிலை மாதிரி. பின்னால் யாரோ ஒருவருக்குச் சிரிப்பு மூக்கு வழியாகப் பொத்துக்கொண்டு வந்தது. ஏழுமலை வயிறு ஒரு முறை குலுங்கியது. கயிறு நழுவியது. 

லிஃப்ட் வலையின் உயரத்துக்கு வந்ததும் பிரவீன் கயிற்றை ஏழுமலையின் மடியில் விழுகிற மாதிரி வீசினார். அதன் நுனியில் ஒரு வளையம். ஏழுமலைக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. என்னைப் பார்த்தார். இனி மறைக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. குரலை ஏற்றாமல் சொன்னேன்.

“ஏழுமலை, உங்க கொக்கிய அதுல மாட்டுங்க. மாட்டிட்டுப் பிரவீன் பக்கம் படுத்தபடியே உருண்டு வாங்க. எழுந்திருக்காதீங்க.”

 கொக்கியை மாட்டினார், இழுத்துப் பார்த்தார், உருள ஆரம்பித்தார். பாதி வழியில் மூலைக் கயிறு கிளாம்பை விட்டு முழுசாக வெளியே வந்தது. வலையின் இடது பக்கம் முந்தானை நழுவுகிற மாதிரிச் சரிந்து கிரானைட் பலகைகள்மேல் விழுந்தது. தனியாகக் கிடந்த ஷூ உருண்டு போய்ப் பலகைகளுக்கு நடுவில் மறைந்தது. ஏழுமலை சரியவில்லை. கயிறு இழுத்துப் பிடித்தது, ஒரு கையைப் பிரவீன் பிடித்தார், இன்னொரு கையை நாகராஜ் பிடித்தார். அப்படியே அள்ளி லிஃப்டுக்குள் போட்டார்கள்.

மேலே சிலைகள் ஐந்தும் அதைப் பார்த்தன. தேவராஜ் இரண்டு கையாலும் இரும்புச் சட்டத்தைக் கட்டிக்கொண்டார். குதிக்கப் பார்த்த இடம் எது என்று அவருக்கு அப்போது தெரிந்தது. அதற்கப்புறம் அவரை இறக்க எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக, கொக்கி மாற்றி மாற்றி, புது மணப்பெண் மாதிரி அடியெடுத்து வைத்து இறங்கி வந்தார்கள்.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். எனக்கு அன்றைக்கு நிஜமான சண்டை இதற்குப் பிறகுதான் வந்தது.

தரையைத் தொட்டதும் மறுபடி எல்லாருக்கும் கிறுகிறுவென்று ஏறிவிட்டது. முன்னைவிட இரண்டு மடங்கு. கட்டிப் பிடிக்கிறார்கள், ஏழுமலையைத் தூக்குகிறார்கள், டீ நிஜமாகவே வந்தது, அதற்கும் சிரிக்கிறார்கள். ஏழுமலை ஒற்றை ஷூவோடு நின்றுகொண்டு, வாசல் பக்கத்து வலை நல்லாத்தானே கீது, அங்க இருக்கிற ஷீட்டை இன்னிக்கே போட்டு முடிச்சிடலாம் என்றார். உடம்பு பறக்கிற மாதிரி இருக்காம். இந்த வேகத்தில் இரண்டு நாள் வேலையை ஒரே சாயங்காலத்தில் முடித்துவிடுவாராம். தேவராஜ் உட்பட எல்லாரும் சரி என்றார்கள். சற்று முன் அத்தனை நிதானமாக இருந்த பிரவீன்கூட, ஆட்கள் நல்ல மூடில் இருக்கிறார்கள் மேடம், காற்றும் நின்றுவிட்டது, வலையையும் செக் பண்ணிவிடலாம் என்று என்னிடம் சொன்னார். அவர் கண்ணும் மின்னிக்கொண்டிருந்தது.

எனக்குப் பெங்களூரில் பார்த்த ஒரு காட்சி ஞாபகத்துக்கு வந்தது. அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் அதிகம் பேசாதவர். ஒரு முறை கிரேனில் தொங்கிய பாரம் அறுந்து, ஆட்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. ஒருவருக்கும் கீறல் இல்லை. எல்லாரும் கை தட்டி ஆர்ப்பாட்டம் செய்தோம். தப்பித்தவர்களில் ஒருவர், பாரம் எப்படி வந்தது தெரியுமா என்று இரண்டு கையையும் விரித்துக் கதை சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தார். நடந்தவர் முதல் மாடி ஓரத்தைத் தாண்டிவிட்டார். கால் முறிந்தது, உயிர் தப்பியது. ஆம்புலன்ஸ் போன பிறகு என் மேலதிகாரி தலையில் கையை வைத்து உட்கார்ந்து, கை தட்ட ஆரம்பித்தபோதே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

அதனால் நான் இன்றைய வேலை இத்தோடு நிற்கிறது என்றேன். இன்றைக்கு யாரும் மேலே ஏறக் கூடாது, இரண்டு வலையையும் இறக்கிப் பார்க்க வேண்டும், ஆளைத் தாங்கிய வலை தன் வேலையை முடித்துவிட்டது, அதற்குப் புது வலை வர வேண்டும், ஏழுமலை இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதற்குக் கிளம்பிய எதிர்ப்பு கொஞ்ச நஞ்சமில்லை. சந்தோஷமாக இருக்கிறவர்களிடம் முடியாது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? என்னை ஏதோ சாவு வீட்டிலிருந்து வந்தவளைப் போலப் பார்த்தார்கள். ஏழுமலை என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், கல்யாண நாள் நெருங்குவதை, பத்திரிகை கொடுத்து முடித்ததை, மாப்பிள்ளை வீட்டார் அண்ணாந்து பார்த்ததை எல்லாம் சொன்னார். அப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் மட்டும் கெஞ்சியது.

“நல்லாத்தான்கா கீறேன். இன்னிக்கு மாதிரி என்னிக்குமே நான் இவ்ளோ லேசா இருந்ததில்ல.”

“அதனாலதான் வேணாங்கிறேன். உங்க கால் இன்னும் தரையில படல, ஏழுமலை. பட்ட பிறகு மேல போங்க.”

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஒன்றில் ஷூ, ஒன்றில் வெறும் சாக்ஸ். அந்த சாக்ஸ் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கே அது தெரியவில்லை. பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எலும்பு எதுவும் போகவில்லை என்றார்கள். சட்டையைக் கழற்றியபோது முதுகு முழுக்க வலையின் கட்டம் கட்டமான தடம், அச்சு எடுத்த மாதிரி சிவப்பாக இருந்தது. அவர் மனைவி செல்வி அழுதுகொண்டே ஓடி வந்தார். முதுகைப் பார்த்தார். அழுகை சிரிப்பாகி, சிரிப்பு விக்கலாகி, விக்கலோடு அவர் தோளில் பளாரென்று ஒரு அடி போட்டார். பிறகு அடித்த இடத்தைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் அழுதார். மீன் வாங்கி வான்னா நீயே வலையில மாட்டிகினு வந்திருக்கியே என்று செல்வி சொன்னதற்கு நர்ஸம்மா வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

புது வலை வர நாளானது. வாசல் பக்கத்து வலையை அவிழ்த்துப் பார்த்தபோது அதிலும் இரண்டு கிளாம்புகள் தளர்ந்திருந்தன. அன்றைக்கு அந்தச் சாயங்காலம் வேலை நடந்திருந்தால் என்று பிரவீன் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. கல்யாணத்துக்குள் கூரை முடியவில்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்தது, சந்தேகம் இருக்கவில்லை. மண்டபக்காரர் பெரிய மனசு பண்ணி, மண்டபத்துக்கு முன்னால் இருக்கிற காலி இடத்தில் பந்தல் போட்டுக் கொடுத்தார். பத்திரிகையில் போட்ட முகவரி மாறவில்லை, கூரை மட்டும்தான் மாறியது. நான் விடிந்ததும் போய், கட்டிட வேலை நடக்கிற பக்கம் யாரும் போகாதபடி தடுப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். பட்டுப்புடவையோடு தடுப்புத் தகரத்தை ஆட்டிப் பார்த்த ஒரே விருந்தாளி நானாகத்தான் இருப்பேன்.

கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. தேவராஜ் மேளத்துக்கு ஆடி வேட்டி அவிழ்ந்தது. நாகராஜ் குடும்பத்தோடு வந்திருந்தார். பிரவீன் பெங்களூரிலிருந்து ரயிலில் வந்து பந்தி பரிமாறினார். முகூர்த்த நேரம் நெருங்கியது. பெண் மணவறைக்கு வந்துவிட்டாள். ஐயர் பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டார். ஆளைக் காணோம். இன்னொரு தடவை கூப்பிட்டார். செல்வி கண்ணால் தேடினார். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று தேடினார். கூட்டத்தில் ஒருவருக்கொருவர் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஏழுமலை பந்தலின் கோடியில் இருந்தார். அங்கே ஒருவர் ஏணியின் உச்சியில் நின்று, அணைந்துபோன சீரியல் லைட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஏணிக்கு அடியில், பட்டு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக, இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்தபடி பெண்ணின் அப்பா. நான் ஓடிப் போய், முகூர்த்தம் போகுது, எல்லாரும் உங்களைத்தான் தேடறாங்க என்றேன். அவர் ஏணியை விடவில்லை. மேலே பார்த்த கண்ணையும் எடுக்கவில்லை.

“இவரு எறங்கட்டும்க்கா. அப்புறம் தாலி கட்டட்டும்.”

மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் வேகமாக வாசித்தார்கள். நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.